தாளக் கம்பி

சாதனத்தைத் திருத்த முடியாது. ஒருவர் நெஞ்சுக்குள் தைத்து வைத்துவிட்ட ஒன்றை யாரும் மறுபடி திறந்து சரிசெய்துகொண்டிருக்க மாட்டார்கள். வெளியிலிருந்து எழுதும் நிரலைத்தான் அதற்கேற்ப வளைக்க வேண்டும். என் வேலை அதுதான்.

நரம்புக் காய்ச்சல் வந்துபோன பிறகு எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவருக்காவது மூச்சு தானாக ஓடுவதில்லை. விலா எலும்புக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு கருவி நரம்பைத் தட்டித் தட்டி மூச்சை ஓட்டும். ஜனங்கள் மூச்சுப்பெட்டி என்பார்கள். புதிது கிடைப்பது அபூர்வம். செய்துகொண்டிருந்த கம்பெனிகளில் பாதி மூடியாயிற்று. அதனால் ஆள் இறந்தால் எரிப்பதற்கு முன் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். யாருக்குப் போகிறது என்று கொடுப்பவருக்குத் தெரியாது. யாருடையது என்று வாங்குபவருக்குத் தெரியாது. சட்டமாக வந்தது, இப்போது வழக்கமாகிவிட்டது. மயானத்தில் கேட்கும் முதல் கேள்வியே "பெட்டி எடுத்தாச்சுங்களா?" என்பதுதான்.

என் மனைவி நிரஞ்சனாவை எடுத்துப்போனபோதும் கேட்டார்கள். எடுத்தாச்சு என்றேன்.

பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒரு கம்பெனியுடையது கேட்ட கேள்விக்கு இரண்டு தடவை பதில் சொல்லும். இன்னொன்று முதல் கேள்வியைக் காதிலேயே வாங்காது, மறுபடி கேட்க வேண்டும். தன் பெயரையே தப்பாகச் சொல்லும் பெட்டிகளும் உண்டு. கையேட்டில் எல்லாமே ஒரே மாதிரி நடக்கும் என்று போட்டிருக்கும். நடக்காது. அத்தனைக்கும் நிரலில் விலக்கு எழுதி வைப்போம்: இந்தப் பெட்டி என்றால் கொஞ்சம் பொறு, அந்தப் பெட்டி என்றால் இரண்டாவது பதிலை மட்டும் எடுத்துக்கொள்.

அந்த வாரம் வந்த புகார் இது. கோபிப் பக்கம் ஒரு வாழைத்தார் மண்டி. ஏலம் கூவும் பெண்மணி. பேச்சின் நடுவில் மூச்சு நின்றுவிடுகிறது, சில நொடியில் தானாக வருகிறது. பிழை எதுவும் பதிவாகவில்லை.

பெட்டியின் எண்ணைப் பார்த்தேன். தெரிந்த எண். மூன்று வருடம் எங்கள் படுக்கையறையில் அந்த எண்ணுக்குத்தான் சார்ஜ் போட்டேன்.

ஷமீமா பக்கத்து மேசை. பெட்டிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. என் திரையை எட்டிப் பார்த்தாள். நிரஞ்சனாவை அவளுக்குத் தெரியும்.

"வேற ஆளை அனுப்பட்டுமா?"

"நான் போறேன்."

"சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போறியா?"

"ம்."

அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

*

மண்டி காலையிலேயே நிரம்பியிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே தார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி. அதில் மயிலாத்தாள் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தடித்த கண்ணாடி, தோளில் துண்டு. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கம்பெனியில இருந்துங்களா? இத்தனை சின்னப் பையனாட்ட இருக்கறீங்க. சரி, பக்கத்துல நில்லுங்க. முட்டாயி கேட்டு அழுகாம இருந்தாச் சரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவருடைய காறை எலும்பின் மேல், உள்ளே இருக்கும் கருவிகளின் பேச்சைப் படிக்கும் ரீடரை ஒட்டவைத்தேன்.

ஏலம் ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்த கூச்சல் இல்லை. மயிலாத்தாள் ஒரு தாரைக் காட்டி விலையைச் சொன்னார். கூட்டத்திலிருந்து ஒரு வியாபாரி, வாயைத் திறக்காமல், "ம்" என்றார். அவ்வளவுதான். மயிலாத்தாள் அடுத்த விலையைச் சொல்ல வேண்டும். வாய் திறந்தது. குரல் வரவில்லை. என் திரையில் கருவிகளின் தாளத்தைக் காட்டும் கோடு கீழே விழுந்து அங்கேயே கிடந்தது.

அவர் முகம் மாறவில்லை. தலை மட்டும் லேசாகச் சாய்ந்தது. தூரத்தில் எதையோ கேட்பது போல.

கோடு எழுந்தபோது கணக்குப்பிள்ளை அந்த வியாபாரியின் பெயரைச் சொல்லிவிட்டிருந்தார். தார் போய்விட்டது. முதல் விலைக்கே.

"பாருங்க, பாருங்க!" பின்னாலிருந்து ஒரு விவசாயி கத்தினார். "பத்து மாசம் தண்ணி கட்டுனவன் நானு. இந்தம்மா வாயை மூடிக்குது, அவன் தூக்கிட்டுப் போறான். எத்தன வாங்குன ஆத்தா அவங்கிட்ட?"

மயிலாத்தாள் திரும்பவில்லை. அடுத்த தாரைக் காட்டினார். "ம்" வந்தது. கோடு விழுந்தது.

*

ஏலம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவருடைய கணவர் சென்னியப்பன் எதிரில் நின்ற தன் மினிடோர் வண்டியில் தார் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த மண்டியில கூவறவ நிறுத்துனா முடிஞ்சுதுங்க" என்றார் மயிலாத்தாள். "கடைசியா 'ம்' போட்டவனுக்குப் பொருளு. நான் பேச்சை நிறுத்தறதுதான் தீர்ப்பு. மணி கிணி ஒண்ணும் கெடையாது."

"கையைத் தூக்கச் சொல்லலாமே."

"யாரு கேக்கறான்னு மத்தவனுக்குத் தெரியப்படாதுங்க. தெரிஞ்சா வெளியில போயிப் பேசிக்கிட்டு வெலைய அமுக்கிருவானுங்க. எனக்கும் கணக்குப்பிள்ளைக்கும் மட்டும் காதுல தெரியும், எந்த 'ம்' எவனுதுன்னு. பதினெட்டு வயசுல இருந்து இந்த முக்காலிதானுங்க. இப்பத் திருடின்னு சொல்றாங்க." டீயை ஆற்றினார். "அடுத்த சந்தைக்கும் இப்படியே நின்னா வேற ஆளை உக்கார வெச்சிருவோம்னு கமிட்டியில சொல்லிப்போட்டாங்க. முக்காலி போனாக்கூடப் பரவால்ல. திருடின்னு எழுந்திரிச்சுப் போக மாட்டேன். என்ன ஆச்சுன்னு சொல்லுங்க."

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

"உங்க உடம்புக்குள்ள மூணு கருவி இருக்கு. மூச்சுக்கு, இதயத்துக்கு, சர்க்கரைக்கு. மூணும் ரெண்டே கம்பியிலதான் பேசிக்குது. ஒரு கம்பியில சேதி போகும். இன்னொண்ணுல தாளம். தோள்கிட்ட மேனேஜர்னு ஒண்ணு, மூணையும் மேய்க்கறது, அது தாளம் போட்டுட்டே இருக்கும். தாளத்துக்கு ஒரு சொல்லு. பேர் சொல்லிக் கூப்பிட்ட கருவி மட்டும் பேசும்."

"சந்தை மாதிரிதான்."

"ஆமா. ஆனா ஒரு கருவிக்கு யோசிக்க நேரம் வேணும்னா அது தாளக் கம்பியைப் புடிச்சு நிறுத்தி வெச்சுக்கலாம். 'இரு'ன்னு சொல்ற மாதிரி. அது விடற வரைக்கும் எல்லாரும் காத்திருக்கணும். அதுக்கு அந்த உரிமை உண்டு. பிழைன்னு பதிவாகாது."

"அப்ப என்ற மூச்சுப்பெட்டி இருன்னு சொல்லுதா?"

"ம்."

அவர் டம்ளரோடு நின்றுவிட்டார். உதடு பிரிந்திருந்தது. தலை லேசாகச் சாய்ந்தது. திரையைப் பார்த்தேன். கோடு கீழே கிடந்தது.

"அம்மா? கேக்குதா? மூச்சை இழுங்க" என்றேன். முதல் சொல் முடிவதற்குள் கோடு எழுந்துவிட்டது.

மயிலாத்தாள் பெரிதாக மூச்சை இழுத்தார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க."

"என்ன?"

"இப்பச் சொன்னீங்கல்ல. வாயைத் தொறக்காம."

"ம்" என்றேன். விழுந்தது. "போதுமா?" என்றேன். எழுந்தது.

அவர் டம்ளரை பெஞ்சில் வைத்தார். வண்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏனுங்க, கயிறு பத்துமா?"

"ம்" என்றார் சென்னியப்பன், திரும்பாமல்.

விழுந்தது. நான் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் லோடுமேனிடம் ஏதோ சொன்னார். கோடு எழவில்லை. டீக்கடைக்காரர் பேசினார். எழவில்லை. நாலைந்து நொடி கழித்து, அலுத்துப்போனது போல, தானாக எழுந்தது.

"அந்த ஒரு சத்தத்துக்குத்தான் நிக்குது" என்றார் மயிலாத்தாள் மெதுவாக. "எவன் சொன்னாலும் நிக்குது. ஆனா நீங்க மேக்கொண்டு பேசுனா மட்டும் உடனே விட்டுருது. உங்க குரலுக்கு மட்டும். ஏனுங்க தம்பி?"

நான் திரையையே பார்த்தேன்.

"நிக்கறப்ப வலி இல்லீங்க" என்றார் அவரே. "எனக்குள்ள ஒருத்தி காதைக் குடுத்துட்டு நிக்கற மாதிரி இருக்குது. இன்னும் என்னமோ வரும்னு."

"ஒருத்தின்னு எப்படிச் சொல்றீங்க?"

"எந்த ஆம்பள இத்தன நேரம் காதைக் குடுப்பான்?"

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்தினார்.

*

ஷமீமா எல்லாப் பதிவையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தாள்.

"இந்தப் பெட்டிக்குள்ள சின்னதா ஒரு காது இருக்கு. பேசறதுக்கு ஏத்த மாதிரி மூச்சை விடறதுக்காக. கூட இருக்கறவங்க பேச்சு, போட்டிருக்கறவங்க மிச்சம் இருக்கற நரம்பு பலத்துல எப்ப மூச்சைப் புடிக்கிறாங்க, எல்லாத்தையும் கேட்டுக் கத்துக்கும்." என்னைப் பார்க்காமல் பேசினாள். "ஒரு 'ம்' வந்ததும் நிரஞ்சனா மூச்சைப் புடிச்சிருக்கா. ஒருதரம் ரெண்டுதரம் இல்ல. ஆயிரக்கணக்குல. அதனால எந்த 'ம்' கேட்டாலும் இது புடிச்சுக்குது. 'ம்' எல்லாம் ஒரே மாதிரிதானே."

"விடறது மட்டும் ஏன் என் குரலுக்கு?"

"அதுக்கு மாதிரி கம்மி."

"புரியல."

"'ம்'முக்கு அப்புறம் நீ மேல பேசினது ரொம்பக் கம்மி, விசாகன். நூத்துக்கு ஒண்ணு ரெண்டு இருக்கும். அந்த ஒண்ணு ரெண்டுல இருந்ததெல்லாம் உன் குரல்தான். வேற குரலுக்கும் விடலாம்னு அது கத்துக்க வாய்ப்பே இல்ல."



நிரஞ்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்ததில்லை. அவள் பேசும்போது நான் பெரும்பாலும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யலாம்?" என்றேன்.

"கத்துக்கிட்டதை மொத்தமா அழிக்கலாம். ஆனா நரம்போட பொருத்தமும் அதுலதான் இருக்கு. அந்தம்மா வென்டிலேட்டர்ல படுத்து முதல்ல இருந்து பழகணும். பாதிப்பேர் எந்திரிக்கறதில்ல."

"வேற பெட்டி?"

"வரிசையில குழந்தைங்க நிக்குது."

"அப்புறம்?"

"உதைக்கலாம். கம்பியைப் புடிச்சா காத்திருக்காம ரீசெட் குடுத்துடறது. நெஞ்சு ஒரு துள்ளு துள்ளும், விக்கல் மாதிரி. ஆபத்தில்ல. பழைய பெட்டிங்க பாதிக்கு அப்படித்தான் பண்றோம். இல்லேன்னா அது கேக்கறதைக் குடுக்கலாம். 'ம்' வந்ததும் உன் குரல்ல நாலு வார்த்தை உள்ளேயே காதுல போட்டுடறது. வெளியில யாருக்கும் கேக்காது. விட்டுடும்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"இல்ல. உதைச்சா கத்துக்கிட்டது அப்படியே இருக்கும், என்னைக்கும். குரல் குடுத்தா கொஞ்சம் கொஞ்சமா மறந்துடும். ஒவ்வொரு தடவையும் பதில் வந்துட்டே இருந்தா, எதுக்காகக் காத்திருக்கணும்?"

அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"யோசிச்சு எழுது" என்றாள்.

நான் உதைப்பதையே எழுதினேன். ஒரு வரி. அன்று மாலையே மயிலாத்தாளின் தோளில் இருக்கும் மேனேஜருக்கு அனுப்பினேன்.

வீட்டில் நிரஞ்சனாவின் புடவைகளை அவள் அம்மா எடுத்துப்போய்விட்டார். போனிலிருந்த படங்களை நான் திறப்பதில்லை. சாம்பல் பவானியில் போயிற்று. அந்தப் பெட்டிக்குள் ஏதோ அசையாமல் இருக்கிறது என்பது எனக்குப் போதுமாக இருந்தது. அது என்ன என்று யோசிக்கவில்லை.

*

இரண்டாம் நாள் மயிலாத்தாள் போன் செய்தார்.

"கூவிப் பாத்தனுங்க, நம்மாளுங்களை மட்டும் நிறுத்தி வெச்சு. நிக்கறதில்ல. விக்குது. ஒவ்வொரு 'ம்'முக்கும் ஒரு விக்கல். சிரிச்சு உருள்றானுங்க. தண்ணி குடி ஆத்தாங்கறான், எவளோ உன்னைய நெனைக்கறாங்கறான்." விக்கினார். "பரவால்ல, பொழப்பு ஓடும். நீங்க செஞ்சது சரிதானுங்க."

"ஆனா?"

"ஆனான்னு நான் சொல்லலீங்களே."

"சொல்லுங்க."



"உள்ளுக்குள்ள நிக்கறாளே அவ. முன்னெல்லாம் சும்மா கேட்டுக்கிட்டு நின்னா. இப்ப அவ காதைக் குடுக்கறா, யாரோ பொடனியிலயே போட்டு அடிக்கறாங்க. மறுபடி காதைக் குடுக்கறா. மறுபடி அடி. அவளும் விடமாட்டேங்கறா, இவங்களும் விடமாட்டேங்கறாங்க. நேத்து சோறு எறங்கலீங்க எனக்கு. வேற ஒண்ணுமில்ல. வெச்சிரட்டுமா?"

"வெச்சிருங்க" என்றேன்.

அவர் வைக்கவில்லை. "தம்பி, யாருதுன்னு கேக்கப்படாதுன்னு தெரியும். கேக்கல. ஆனா தெரிஞ்சவிய யாராச்சும் இருந்தா, அடிக்காம இருக்க வேற வழி இருக்குதான்னு கேட்டுப் பாருங்க."

சந்தைக்கு ஒரு நாள் இருந்தது.

*

சோதனை அறையில் சத்தம் புகாத கண்ணாடி அடைப்பு ஒன்று உண்டு. ஷமீமா வெளியே உட்கார்ந்தாள். நான் உள்ளே, மைக்கின் முன்னால்.

"என்ன சொல்லணும்?"

"எது வேணாலும். அர்த்தம் அதுக்குத் தெரியாது. மழை வரும்னு சொல்லு. ஆனா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டா கண்டுபிடிச்சிடும். நிறைய வேணும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. மழை வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"விசாகன், ஓடிட்டிருக்கு."

"ம்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளும் காத்திருந்தாள்.

"ஃபேனுக்கு ஆள் கூப்பிட வேண்டாம்" என்றேன். "பேரிங் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை நானே கழட்டிப் பாக்கறேன். நீ ஸ்டூலைப் புடிச்சுக்கோ."

நிறுத்தினேன். ஷமீமா கையால் மேலே போ என்று காட்டினாள்.

"உங்கம்மா வரட்டும். எத்தன நாள் வேணாலும் இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டுக்கு நான் போறேன்."

"பச்சை நல்லாத்தான் இருந்துச்சு. மத்ததை விட."

"பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொன்னாங்க? நீ என்ன சொன்னே? அதுக்கு அவங்க?"

ஒன்றுக்கும் நிரஞ்சனா இன்று காத்திருக்கவில்லை. எல்லாம் அவள் எப்போதோ கேட்டு, 'ம்' என்று மட்டும் பதில் வாங்கிய கேள்விகள். ஆனால் ஒன்றைச் சொன்னதும் அடுத்தது வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம் போய்விட்டது. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று சொன்னேன். சினிமா முடிவு எனக்குப் புரியவில்லை, தூங்கிவிட்டேன் என்று சொன்னேன்.

"டாக்டர் என்ன சொன்னார்? அப்படி நின்னுட்டே சொல்லாத. உக்காரு. மொதல்ல இருந்து சொல்லு."

ஷமீமா விளக்கை அணைத்தாள்.

"போதும்" என்றாள். "தாராளமா போதும்."

*

சந்தையன்று நான் போயிருந்தேன். ரீடரை ஒட்டவைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மயிலாத்தாள் விலையைச் சொன்னார். "ம்." கோடு விழுந்தது. நிரல் ஒரு வாக்கியத்தை எடுத்துப் பெட்டியின் காதில் போட்டது. எது என்று திரையில் காட்டாது. நான் காட்டச் சொல்லவில்லை. கோடு எழுந்தது. உடனே அவர் மார்பு நிமிர்ந்தது. அவ்வளவு பெரிய மூச்சு. அதில் அடுத்த விலையைக் கூவினார். மண்டியின் கடைசி வரிசை வரை கேட்டது. "ம்." விழுந்து எழுந்தது. விலை ஏறியது. வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கத்திய விவசாயி இன்றைக்கும் கத்தினார், "போடு ஆத்தா அப்படி!" என்று. திருடி என்று சொன்னதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளையிடம் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தனுப்பினார். கமிட்டித் தலைவர் கடைசி வரை நின்றிருந்துவிட்டுப் போனார். வேறு ஆள் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

முடிந்ததும் மயிலாத்தாள் என்னைக் கூப்பிட்டார்.

"நிக்குது, ஆனா பொசுக்குன்னு விட்டுருது. விட்டதும் ஒரு பெரிய மூச்சு எடுக்குதுங்க. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"அது வெறும் மூச்சில்லீங்க. பேசப் போறவ எடுக்கற மூச்சு. நெஞ்சு நெறைய எடுக்கறா. ஆனா அவ சொல்ல வந்தது எனக்குத் தெரியாதே. அதனால அந்த மூச்சுல நான் வாழக்கா வெலையச் சொல்லிக்கறேன்." துண்டால் முகத்தைத் துடைத்தார். "தப்பில்லைங்களே?"

"தப்பில்ல" என்றேன். அதோடு நிறுத்தாமல், "நல்லாக் கூவுனீங்க" என்றும் சொன்னேன்.

அவர் பெட்டியின் பதிவுகள் தினமும் எங்களுக்கு வந்தன. ஒரு சந்தைக்குள் அந்தப் பெட்டி எங்கள் வீட்டில் ஒரு வருடம் கேட்டதை விட அதிகமாக 'ம்' கேட்டது. ஒவ்வொன்றுக்கும் பதில் போயிற்று. கோடு விழுந்து கிடக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு விழுவது போல ஒரு சின்ன நடுக்கம் மட்டும். பெரிய மூச்சும் சிறிதாகி, மற்ற மூச்சுகளோடு சேர்ந்துவிட்டது. மழைக்காலம் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை, நாள் முழுக்க 'ம்' வந்தும் நடுக்கம்கூட இல்லை.

தேவைப்படாத விலக்கை நிரலில் வைத்திருக்கக்கூடாது. பின்னால் வேறு எதையாவது குழப்பும். அது விதி.

"எடுத்துடணும்" என்றாள் ஷமீமா. "நான் எடுக்கட்டுமா?"

"வேணாம்."

ஒரு வரியும் அதன் கூட இருந்த குரல் கோப்பும். அழித்தேன். இரண்டு பேரும் சாப்பிடப் போனோம். அவள் தயிர்சாதத்தில் பாதியை என் தட்டில் வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

*

மார்கழி மாதம் அதே பெட்டியிலிருந்து மறுபடி பதிவு வந்தது. கோடு விழுகிறது. பழைய மாதிரியே, நீளமாக.

பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷமீமாவைக் கூப்பிடவில்லை. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. ரீடரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மயிலாத்தாளின் வீடு மண்டிக்குப் பின்னால். நான் போனபோது நடுப்பகல். சென்னியப்பன் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன், அதில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் எனக்கும் இலை போட்டார். வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவில்லை.

"நான் போன் பண்ணலியே" என்றார். "மண்டியில ஒரு தொந்தரவும் இல்லீங்க."

"பதிவுல நிக்கற மாதிரி காட்டுது. பாத்துட்டுப் போயிடறேன்."

ரீடரை ஒட்டவைத்தேன். "ம்" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. கோடு தன் பாட்டில் ஓடியது. மறுபடி சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு சாதாரணமாக மூச்சு விட்டார். என் குரல் அந்தப் பெட்டிக்கு இப்போது யாரோ ஒருவரின் குரல்.

மயிலாத்தாள் ரசச் சட்டியை எடுத்தார். "ஏனுங்க, பெரிய மக ஊட்டுக்கு இந்தப் பொங்கலுக்காச்சும் போலாமா? நானு சும்மா சொல்லல. நெஞ்சுல பெட்டிய வெச்ச பொறவு அவ மொகத்தையே பாக்கல."

"ம்" என்றார் சென்னியப்பன், போனைப் பார்த்தபடி.

கோடு விழுந்தது.

திரையை அருகில் இழுத்தேன். கீழே இன்னொரு கோடு உண்டு, அது நரம்பினுடையது. அதைப் பின்னால் நகர்த்திப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். முதலில் நரம்பு. அதற்குப் பிறகுதான் பெட்டி.

மயிலாத்தாளுக்கு மூச்சு திரும்பியது. ரசத்தை ஊற்றினார்.

"என்ன சொல்லுது?"

"பெட்டி நிறுத்தல" என்றேன். "நீங்க நிறுத்தறீங்க. உங்க நரம்புக்குக் கொஞ்சம் பலம் திரும்பியிருக்கு. நீங்க மூச்சைப் புடிக்கிறீங்க, பெட்டி அதைப் பாத்துப் பழகுது. மண்டியில இல்ல. இங்க மட்டும்தான்." எனக்கு வேலையில் சொல்லப் பழகியது வாயில் வந்தது. "வேணும்னா ஒரு விலக்கு எழுதலாம். இவரோட குரலைக் கொஞ்சம் பதிவு பண்ணிட்டுப் போயி, நானே உள்ள..."

"வேண்டாங்க."

சட்டியைக் கீழே வைத்தார்.

"அது உங்க ஊட்டுக்காரியோடது. அதுக்கு நீங்க பேசுனீங்க, அது சரி. இது என்னுது. இதுக்கு மிஷினுக்குள்ள ஒண்ணும் எழுதிப்போடாதீங்க." கணவரைப் பார்த்தார். "கேட்டது நானு. அந்தாளு பேசட்டும்."

போனில் ஓடிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. சென்னியப்பன் அதை அணைத்தார். என்னைப் பார்த்தார், பிறகு மனைவியை. திரையில் கோடு கீழே கிடந்தது. அதுவரை நான் பார்த்ததிலேயே நீளமாகக் கிடந்தது.

"எந்த பஸ்ஸுக்குப் போறது?" என்றார் அவர்.

கோடு எழுந்தது. ரீடரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.